பெட்டிகளில் வந்து சேரும் கார்

இங்கிலாந்தில் சிலர் வாங்கும் கார் ஓடி வருவதில்லை. சரக்கு வண்டியில் ஏறி வருகின்றது. வீட்டு வாசலில் இறக்கப்படுபவை எஃகுக் குழாய்களால் ஆன ஒரு கூடு, ஓர் இயந்திரம், ஒரு கியர் பெட்டி, நான்கு சக்கரங்கள், அவற்றோடு அடுக்கடுக்காய் அட்டைப் பெட்டிகள். பெட்டிகளைப் பிரித்தால் போல்ட்டுகள், சுருள்விற்கள், பிரேக் குழாய்கள், விளக்குகள், மின்கம்பிக் கற்றைகள். இவற்றையெல்லாம் பூட்டிக் காராக்க வேண்டியது வாங்கியவரின் வேலை. இவ்வாறு உதிரிகளாக விற்கப்படும் காரைக் ‘கிட் கார்’ என்று அழைக்கின்றனர். பகலில் அலுவலகத்திலோ பள்ளியிலோ மருத்துவமனையிலோ பணிபுரிபவர், சனி ஞாயிறுகளில் தம் வீட்டுக் கார் கொட்டகையில் ஸ்பானருடன் குனிந்து நின்று, பல வாரங்கள் உழைத்து, ஒரு பந்தய வண்டியைக் கட்டி முடிக்கின்றார்.

இதனைப் பொழுதுபோக்கு என்பது வழக்கம். ஆனால் அஞ்சல்தலை சேகரிப்பவர் தவறு செய்தால் ஓர் அஞ்சல்தலை கிழியும்; அவ்வளவுதான். இங்கே ஒரு நட்டு தளர்ந்தால் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் கழன்று போகும். வண்டியில் அமர்ந்திருப்பவர் அதைப் பூட்டியவரேதான். ஆகவே பள்ளி இயற்பியல் நூலில் நாம் மதிப்பெண்ணுக்காகப் படிக்கும் விசை, திருப்புத்திறன், உராய்வு, மீட்சி ஆகியவற்றை இந்தக் கொட்டகையில் ஒருவர் எவ்வாறு பயன்படுத்துகின்றார் என்று பார்ப்பது பயனுடையதாகும்.

வரியால் வளர்ந்த வண்டி

இப்பழக்கம் இங்கிலாந்தில் வேரூன்றியதற்கு ஒரு வரி துணை நின்றது. 1940ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசு ‘கொள்முதல் வரி’ என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. முழுமையாகச் செய்து விற்கப்படும் காருக்கு இவ்வரி உண்டு. உதிரிகளாக வாங்கித் தாமே பூட்டிக்கொண்டால் இல்லை. இந்த வாய்ப்பை நன்கு பயன்படுத்திக்கொண்டவர்களுள் ஒருவர் காலின் சாப்மன் (1928–1982). இவர் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கட்டமைப்புப் பொறியியல் படித்தவர். வடக்கு லண்டனில் ஹார்ன்சி என்னுமிடத்தில் இயங்கிய இவரது லோட்டஸ் நிறுவனம் 1957ஆம் ஆண்டில் ‘லோட்டஸ் செவன்’ என்ற சிறு காரை வெளியிட்டது. இருவர் அமரலாம். கதவு கிடையாது. கூரை என்று சொல்லத்தக்கது ஒரு துணி மட்டுமே. முன்சக்கரங்கள் வண்டியின் உடலுக்கு வெளியே, சைக்கிள் மட்கார்டைப் போன்ற தகட்டின் கீழ் நின்றன.

உதிரிகளோடு பூட்டும் முறையை விளக்கும் கையேட்டைச் சேர்த்து விற்றால் வரிச் சலுகை போய்விடும் என்றிருந்ததாகவும், எனவே நிறுவனம் ‘கழற்றும் முறை’ ஒன்றை அச்சிட்டுக் கொடுத்ததாகவும், வாங்கியவர்கள் அதைக் கடைசி வரியிலிருந்து முதல் வரி வரை தலைகீழாகப் படித்துப் பூட்டிக்கொண்டதாகவும் ஆர்வலர்கள் சொல்வதுண்டு.

1973ஆம் ஆண்டில் கொள்முதல் வரி நீக்கப்பட்டு, மதிப்புக் கூட்டு வரி வந்தது. உதிரியாக வாங்குவதால் கிடைத்த இலாபம் போயிற்று. அதே ஆண்டில் செவன் காரைச் செய்யும் உரிமையை லோட்டஸ் நிறுவனம் கேட்டர்ஹாம் என்ற நிறுவனத்திடம் கொடுத்துவிட்டது. சலுகை போன பிறகும் வண்டி மறையவில்லை. கேட்டர்ஹாம் நிறுவனம் இன்றும் அதனை உதிரிகளாக விற்கின்றது. 1996இல் ரான் சாம்பியன் என்ற பள்ளி ஆசிரியர், 250 பவுன் செலவில் இத்தகைய வண்டியைக் கட்டுவது எவ்வாறு என்று ஒரு நூலே எழுதினார். பழைய ஃபோர்டு எஸ்கார்ட் காரின் இயந்திரம், அச்சு முதலியவற்றை எடுத்துக்கொண்டு, சதுரக் குழாய்களை வெட்டிப் பற்றவைத்துச் சட்டகத்தைத் தாமே செய்துகொள்ளும் முறை அது. அந்நூலைப் பார்த்துக் கட்டப்பட்ட வண்டிகளுக்குக் ‘குறைந்த செலவு’ என்னும் பொருள்பட ‘லோகாஸ்ட்’ என்று பெயர் வழங்குகின்றது.

வரியைக் காட்டிலும் வலுவான ஒரு காரணம் இவ்வண்டிக்கு இருந்திருக்க வேண்டும் அல்லவா? அது அதன் குறைந்த நிறையாகும்.

நிறையைக் குறைத்தால்

முதல் செவன் காரின் நிறை 500 கிலோகிராமுக்கும் குறைவு. ஒரு காலத்தில் நம் தெருக்களில் எங்கும் காணப்பட்ட மாருதி 800 காரே ஏறத்தாழ 650 கிலோகிராம் இருந்தது. செவனில் வைத்த இயந்திரம் ஃபோர்டு குடும்பக் கார்களில் இருந்த 1172 கன சென்டிமீட்டர் இயந்திரம். அதன் திறன் வெறும் 40 குதிரைத்திறன். ஆயினும் பந்தயக் களத்தில் இறங்கத் தயங்கவில்லை. விசையை நிறையால் வகுத்தால் முடுக்கம் என்பது நியூட்டனின் இரண்டாம் விதி. வகுக்கப்படும் எண்ணைப் பெரிதாக்குவதற்குப் பணம் வேண்டும். வகுக்கும் எண்ணைச் சிறிதாக்குவதற்குச் சிந்தனை போதும் என்று சாப்மன் கண்டார்.

அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்றைக் கணக்கிடுவோம். 2021இல் வெளிவந்த கேட்டர்ஹாம் 170 என்ற வண்டியின் நிறை 440 கிலோகிராம். அதில் உள்ளது 660 கன சென்டிமீட்டர் கொண்ட சுசுகி இயந்திரம். திறன் 84 குதிரைத்திறன். 70 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் ஏறி அமர்ந்தால் மொத்தம் 510 கிலோகிராம். இவ்வண்டி நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை, அஃதாவது வினாடிக்கு 26.8 மீட்டர் வேகத்தை, அடைய வேண்டும். அப்போது அதன் இயக்க ஆற்றல் (½) × 510 × 26.8 × 26.8 = ஏறத்தாழ 1,83,000 ஜூல். 84 குதிரைத்திறன் என்பது சுமார் 62,600 வாட். ஆற்றலைத் திறனால் வகுத்தால் 2.9 வினாடி வருகின்றது. நிறுவனம் கூறும் நேரமோ 6.9 வினாடி. மீதி நான்கு வினாடிகள் எங்கே போயின? இயந்திரம் எல்லாச் சுழற்சி வேகத்திலும் முழுத்திறனைத் தருவதில்லை. கியர் மாற்றும்போது விசை அறுபடுகின்றது. சக்கரங்களையும் இயந்திரத்தின் சுழலும் பகுதிகளையும் சுழற்றவும் ஆற்றல் வேண்டும். தொடக்கத்தில் டயரின் பிடிப்புக்கு மேல் விசையைச் செலுத்தினால் சக்கரம் சும்மா சுழலும். ஒரு கணக்கின் விடை உண்மையுடன் ஒத்துவராதபோதுதான் இயற்பியல் சுவையாகின்றது என்பது என் கருத்து.

1200 கிலோகிராம் நிறையுள்ள ஒரு குடும்பக் கார், ஓட்டுநரையும் சேர்த்து, இதே திறன்–நிறை விகிதத்தைப் பெற வேண்டுமானால் 209 குதிரைத்திறன் வேண்டும். நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

ஒரு மாணவர் இங்கே குறுக்கிட்டுக் கேட்கலாம்: “உராய்வு விசை எடைக்கு நேர்விகிதம் என்று படித்தோம். அப்படியானால் பிரேக் போட்டு நிற்கும் தொலைவும், வளைவில் செல்லக்கூடிய வேகமும் நிறையைச் சார்ந்தவை ஆகாவே? நிறையைக் குறைத்து என்ன பயன்?” நல்ல கேள்வி. சமன்பாட்டில் இரு புறமும் நிறை அடிபட்டுப் போவது உண்மைதான். ஆனால் டயர் ரப்பர் பாடநூல் விதிக்கு முழுவதும் கட்டுப்படுவதில்லை. அதன் மேல் சுமை கூடக் கூட உராய்வுக் குணகம் சற்றே குறைகின்றது. எனவே எடை குறைந்த வண்டிக்கு அதே டயர் கூடுதலான பிடிப்பைத் தருகின்றது. மேலும் நிற்கும்போது இயக்க ஆற்றல் முழுவதும் பிரேக்கில் வெப்பமாகின்றது. நிறை பாதியானால் வெப்பமும் பாதி. ஆகவே சிறிய பிரேக் போதும். சிறிய பிரேக் நிறை குறைந்தது. அதைத் தாங்கும் பகுதிகளும் சிறியவையாகலாம். இவ்வாறு ஓரிடத்தில் குறைத்த நிறை இன்னோரிடத்தில் நிறையைக் குறைக்கின்றது.

மிக அதிக வேகத்தில் மட்டும் நிறை கைகொடுப்பதில்லை. அங்கே எதிரி காற்று. வெளியே நிற்கும் சக்கரங்களும் செங்குத்தான கண்ணாடியும் காற்றைக் கிழிக்க ஏற்றவை அல்ல.

இலேசான வண்டி கேட்கும் விலை ஒன்று உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. 510 கிலோகிராம் வண்டியும் 1500 கிலோகிராம் காரும் வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் எதிரெதிரே வந்து மோதி ஒட்டிக்கொள்வதாகக் கொள்வோம். உந்த அழிவின்மை விதிப்படி, மோதலுக்குப் பின் இரண்டும் சேர்ந்து பெரிய கார் சென்ற திசையிலேயே வினாடிக்கு 7.4 மீட்டர் வேகத்தில் நகரும். பெரிய காரின் வேகம் 15இலிருந்து 7.4க்குக் குறைந்தது, மாற்றம் 7.6. சிறிய வண்டியோ ஒரு திசையில் 15 என்பதிலிருந்து எதிர்த்திசையில் 7.4க்குத் தள்ளப்பட்டது, மாற்றம் 22.4. ஏறத்தாழ மூன்று மடங்கு. உள்ளே இருப்பவரின் உடல் தாங்க வேண்டியதும் இந்த மாற்றத்தையே. செவன் வகை வண்டிகளில் காற்றுப்பைகள் இருப்பதில்லை; இருக்கை வாரும், தலைக்குப் பின்னே வளைத்து நிறுத்திய எஃகுக் குழாயுமே காப்பு. இதனை அறிந்தே அதில் ஏறுகின்றனர்.

முக்கோணமும் மூடியில்லாப் பெட்டியும்

சட்டகத்துக்கு வருவோம். நான்கு தென்னை ஈர்க்குகளை நூலால் கட்டி ஒரு சதுரம் செய்யுங்கள். ஒரு மூலையை விரலால் தள்ளினால் சதுரம் சாய்சதுரமாகிச் சரிந்துவிடும். இப்போது எதிரெதிர் மூலைகளை இணைத்து ஐந்தாவது ஈர்க்கு ஒன்றைக் கட்டுங்கள். சதுரம் அசையாது. முக்கோணத்தின் மூன்று பக்க அளவுகள் நிலையாக இருந்தால் அதன் கோணங்கள் மாற முடியாது என்ற வடிவியல் உண்மையே இதற்குக் காரணம். பாலங்களிலும் மின்கம்பிக் கோபுரங்களிலும் நாம் காணும் அமைப்பு இதுவே. கட்டமைப்புப் பொறியாளரான சாப்மன் இதைக் காருக்குள் கொண்டுவந்தார். முக்கோணமாகப் பிணைக்கப்பட்ட குழாய் ஒவ்வொன்றும் பெரும்பாலும் இழுவிசையையோ அமுக்க விசையையோ மட்டும் தாங்குகின்றது. வளைக்கும் விசை குறைவாக இருப்பதால் மெல்லிய குழாயே போதுமானது.

குழாய் ஏன்? கம்பியாக இருந்தால் என்ன? லோகாஸ்ட் வண்டிக்குப் பயன்படும் சதுரக் குழாயின் வெளிப்பக்கம் 25 மில்லிமீட்டர். சுவரின் தடிமன் 1.6 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் நீளத்தின் நிறை ஏறத்தாழ 1.2 கிலோகிராம். அதே நிறையுள்ள திண்மக் கம்பி செய்தால் அதன் பக்கம் 12 மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலாக இருக்கும். வளைவை எதிர்க்கும் தன்மையைக் கணக்கிட்டால், குழாய் அக்கம்பியைப் போல ஏழு மடங்குக்கும் மேல் விறைப்பானது. எஃகின் அளவு ஒன்றே. அதனை நடுக்கோட்டிலிருந்து விலக்கி வைத்ததனால் வந்த இலாபம் இது. மூங்கில் இப்பாடத்தை நெடுங்காலமாகவே அறியும்.

ஆனால் காரில் ஆள் உட்கார வேண்டும். அதற்கு மேலே திறந்த இடம் வேண்டும். அங்கே குறுக்குக் குழாய் போட முடியாது. செருப்புக் கடை அட்டைப் பெட்டியை மூடியில்லாமல் இரு கையாலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், எளிதில் முறுங்கும். மூடியை ஒட்டிவிட்டு முறுக்கினால் கை வலிக்கும். செவன் மூடியில்லாப் பெட்டி. ஆகவே இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே, கியர் பெட்டியும் சுழல்தண்டும் செல்லும் சுரங்கத்தை நான்கு புறமும் அடைத்து முதுகெலும்பு போல ஆக்குகின்றனர். தரையிலும் பக்கங்களிலும் அலுமினியத் தகடுகளை ரிவெட் ஆணிகளால் இறுக்கி அறைகின்றனர். தகடு ஒவ்வொன்றும் எண்ணற்ற மூலைவிட்டக் குழாய்களின் வேலையைச் செய்கின்றது. முறுங்காத சட்டகம் ஏன் இவ்வளவு இன்றியமையாதது என்பது தராசுகளைப் பற்றிப் பேசும்போது விளங்கும்.

இறுக்குதல் என்றால் என்ன?

நட்டை ‘நன்றாக இறுக்கு’ என்கிறோம். எவ்வளவு நன்றாக? கட்டுபவரின் பெட்டியில் ‘டார்க் ஸ்பானர்’ என்ற கருவி ஒன்று கட்டாயம் இருக்கும். குறித்த திருப்புத்திறனை எட்டியதும் அது ‘டிக்’ என்று ஒலிக்கும். 40 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பானரின் முனையில் 200 நியூட்டன் விசை கொடுத்தால் திருப்புத்திறன் 80 நியூட்டன் மீட்டர். 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள போல்ட்டில் இது ஏறத்தாழ 33,000 நியூட்டன் இழுவிசையை உண்டாக்கும். மூன்று டன்னுக்கும் மேற்பட்ட எடையைத் தொங்கவிட்டதற்கு இது சமம்! இந்த விசையால் போல்ட்டு கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கின்றது. அது ஒரு விறைப்பான சுருள்வில் போல நின்று, சக்கரத்தையும் அது பொருந்தும் முகத்தையும் சேர்த்து நெருக்குகின்றது. ஓடும்போது சக்கரம் நழுவாமல் நிற்பது பெரும்பாலும் அந்த நெருக்கத்தால் எழும் உராய்வினால்தான். குறைவாக இறுக்கினால் முகங்கள் நழுவி, போல்ட்டு இங்குமங்கும் வளைந்து, களைத்து, ஒருநாள் அறும். அளவுக்கு மீறி இறுக்கினால் மீட்சி எல்லையைத் தாண்டி நிலையாக நீண்டுவிடும். பிறகு அது வில்லாகாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாம் கொடுக்கும் திருப்புத்திறனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே போல்ட்டை நீட்டுவதற்குச் செல்கின்றது. மீதியெல்லாம் புரிகளுக்கிடையிலும் நட்டின் அடியிலும் உள்ள உராய்வுக்கே செலவு. எனவே, உலர்ந்த போல்ட்டுக்கென்று குறித்த அளவை எண்ணெய் தடவிய போல்ட்டுக்குக் கொடுத்தால் உராய்வு குறைந்து, போல்ட்டு மிகையாக நீண்டுவிடும். ஸ்பானர் ‘டிக்’ என்றுதான் சொல்லும். எண்ணெய் இருந்ததா என்று அதற்குத் தெரியாது. இறுக்கி முடித்த ஒவ்வொரு நட்டின் மீதும் அருகிலுள்ள பகுதியின் மீதும் சேர்த்து வண்ணத்தால் ஒரு கோடு இழுக்கின்றனர். பின்னாளில் நட்டு சிறிது சுழன்றாலும் கோடு முறிந்து காட்டிக் கொடுக்கும். இறுக்கினோமா இல்லையா என்ற ஐயம் இரவு படுக்கையில் எழாமலிருக்கவும் அக்கோடு உதவும்.

மூன்று சமன்பாடு, நான்கு சக்கரம்

வண்டி நின்றுவிட்டது, இயந்திரமும் ஓடுகின்றது. இப்போது வருவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சமமான தரையில் நான்கு சக்கரங்களின் கீழும் நான்கு தராசுகளை வைக்கின்றனர். ஓட்டுநர் இருக்கையில் அவர் எடைக்குச் சமமான மணல் மூட்டைகளை அடுக்குகின்றனர். 510 கிலோவில் 70 கிலோ மனிதர் என்றால் ஏழில் ஒரு பங்கு. அவரை விட்டுவிட்டு அளப்பதில் பொருளில்லை. குளியலறைத் தராசுகள் நான்கைக் கொண்டே வேலையை முடிப்போரும் உண்டு. தராசு தாங்காது என்று அஞ்சினால், வலுவான பலகையின் ஒரு முனையைக் கட்டை மீதும் மறுமுனையைத் தராசின் மீதும் வைத்து, சக்கரத்தைச் சரியாக நடுவில் நிறுத்தினால் போதும். தராசு பாதியைக் காட்டும். நெம்புகோல் தத்துவம்தான்.

ஒரு வண்டி பின்வருமாறு காட்டியதாக வைத்துக்கொள்வோம். முன் இடது 140, முன் வலது 110, பின் இடது 120, பின் வலது 150 கிலோகிராம். மொத்தம் 520. முன்பக்கக் கூடுதல் 250, பின்பக்கம் 270. இடப்பக்கம் 260, வலப்பக்கமும் 260. பார்த்தால் எல்லாம் சமநிலையில் இருப்பதாகவே தோன்றுகின்றது. ஆயினும் மூலைவிட்டமாகக் கூட்டிப் பாருங்கள். முன் இடதும் பின் வலதும் சேர்ந்து 290. முன் வலதும் பின் இடதும் சேர்ந்து 230. இவ்வண்டி இரண்டு எதிர் மூலைகளில் ஊன்றி நிற்கின்றது!

இது எவ்வாறு நேரும்? முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்கும்; நாற்காலி ஆடும். மூன்று கால்கள் மீது விழும் விசைகளைக் காண நமக்கு மூன்று சமன்பாடுகள் உள்ளன: மேல்நோக்கிய விசைகளின் கூடுதல் எடைக்குச் சமம், முன்பின்னாகத் திருப்புத்திறன்கள் சமம், இடவலமாகத் திருப்புத்திறன்கள் சமம். கால்கள் நான்கானால் காணவேண்டியவை நான்கு, சமன்பாடுகளோ மூன்றுதான். வண்டியின் ஈர்ப்பு மையம் எங்கே இருக்கின்றது என்பது முன்பின் கூடுதலையும் இடவலக் கூடுதலையும் மட்டுமே தீர்மானிக்கும். மூலைவிட்டக் கூடுதலைத் தீர்மானிப்பது சுருள்விற்கள். ஒரு வில்லின் அடித்தட்டு சற்று உயர்ந்திருந்தால் அந்த மூலையும் அதற்கு எதிர் மூலையும் மிகுதியாகச் சுமக்கும். மற்ற இரண்டும் இளைப்பாறும்.

இதனால் வரும் தீங்கு சிறிதன்று. மழையில் பிரேக்கை அழுத்தும்போது, குறைந்த சுமையுள்ள முன் வலது சக்கரம் முதலில் சுழல்வதை நிறுத்திச் சறுக்கத் தொடங்கும். வண்டி இடப்பக்கம் இழுக்கும். இடது வளைவில் ஒருவிதமாகவும் வலது வளைவில் வேறுவிதமாகவும் நடந்துகொள்ளும். அன்றாடக் காரைவிடத் தரைக்கு மிக அருகில், கதவுமில்லாமல் அமர்ந்திருப்பவருக்கு இது நல்ல செய்தி அன்று.

சரிசெய்வது எப்படி? இவ்வண்டிகளில் சுருள்வில்லின் அடித்தட்டு, புரியுள்ள ஒரு வளையத்தின் மீது அமைந்திருக்கும். வளையத்தைத் திருகினால் தட்டு ஏறும் அல்லது இறங்கும். நமக்கு வேண்டியது முன் இரண்டிலும் 125, பின் இரண்டிலும் 135. அஃதாவது ஒவ்வொரு மூலையிலும் 15 கிலோ மாற்றம். விசையில் 147 நியூட்டன். சக்கரத்தருகே வில் மாறிலி நான்கு மூலையிலும் மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் எனக் கொள்வோம். ஒரு மூலையை மட்டும் உயர்த்தினால் விளைவு நான்கு மூலைக்கும் பகிரப்பட்டு, ஒவ்வொன்றிலும் மில்லிமீட்டருக்கு 5 நியூட்டனே மாறும். ஆகவே ஒரே மூலையைக் கொண்டு சரிசெய்ய ஏறத்தாழ 29 மில்லிமீட்டர் இறக்க வேண்டும்; வண்டி அசிங்கமாகச் சாய்ந்து நிற்கும். அதனைப் பகிர்ந்து, அதிகம் சுமக்கும் இரு மூலைகளை 7 மில்லிமீட்டர் அளவு இறக்கியும், மற்ற இரண்டையும் அதே அளவு ஏற்றியும் வைத்தால் வண்டி நேராகவும் நிற்கும், தராசும் சரியாகும். ஒரு வளையத்தைத் தொட்டால் நான்கு தராசும் நகர்வதைக் காணும்போது, கூட்டுச் சமன்பாடுகள் கண் முன்னே தீர்வதைப் பார்க்கலாம்.

இந்தக் கணக்கு முழுவதும் சட்டகம் முறுங்காது என்ற நம்பிக்கையின் மேல் நிற்கின்றது. சட்டகம் அந்த அட்டைப் பெட்டியைப் போல முறுங்கினால், நாம் திருகிய 7 மில்லிமீட்டரில் ஒரு பகுதியை அது விழுங்கிவிடும். அப்போது சட்டகமே ஐந்தாவது வில்லாகிவிடுகின்றது. அதுவும் அடங்காத வில். அதேபோலக் கொட்டகைத் தரை ஒரு மூலையில் 5 மில்லிமீட்டர் மேடாக இருந்தால் ஒவ்வொரு தராசும் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ பொய் சொல்லும். எனவே அளப்பதற்கு முன் நீர்மட்டக் கருவியால் தரையைச் சோதித்து, தராசுகளுக்கு அடியில் மெல்லிய தகடுகளைச் செருகிச் சமப்படுத்துகின்றனர்.

சோதனையாளரின் பந்து

கட்டியவர் தம் வேலையில் நிறைவு கொண்டால் போதாது. அரசும் நிறைவு கொள்ள வேண்டும். பிரிட்டனில் 2009ஆம் ஆண்டிலிருந்து இத்தகைய வண்டிகள் ‘தனி வண்டி ஒப்புதல்’ எனும் சோதனையில் தேற வேண்டும். பிரேக், விளக்கு, புகை, ஒலி, இருக்கை வார்களின் பிடிமானம் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கின்றனர். அவற்றுள் ஒரு சோதனை குழந்தை விளையாட்டைப் போன்றது. 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள பந்து ஒன்றைச் சோதனையாளர் வண்டியின் வெளிப்புறமெங்கும் வைத்துப் பார்க்கின்றார். அப்பந்து தொடக்கூடிய எந்த விளிம்பும் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்கு மழுங்கியிருக்க வேண்டும்.

அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்துக் கிடைப்பது. ஒரு மில்லிமீட்டர் தடித்த தகட்டின் விளிம்பு, தெருவில் செல்பவர் ஒருவரின் முழங்காலில் 20 மில்லிமீட்டர் நீளத்துக்கு 500 நியூட்டன் விசையுடன் மோதினால், அழுத்தம் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன். அதே விளிம்பை மழுக்கி 5 மில்லிமீட்டர் அகலமாக்கினால் அது 5 நியூட்டனாகிவிடும். இதற்காகத் தகட்டு விளிம்புகளில் ரப்பர்ப் பட்டை ஓட்டுகின்றனர். நீட்டிக்கொண்டிருக்கும் நட்டுகளுக்குப் பிளாஸ்டிக் தொப்பி போடுகின்றனர். ஒப்புதல் கிடைத்த மறுநாளே அழகு கெடுகிறதென்று அவற்றைப் பிடுங்கி எறிபவர்களும் உண்டு. தம் உயிருக்காகப் போல்ட்டுதோறும் வண்ணக் கோடு இழுத்தவர்கள், பிறர் முழங்காலுக்கு இவ்வளவு கூடச் செய்யாதது எனக்கு வியப்பாகவே இருக்கின்றது.

சோதனையில் தேறிய வண்டிக்குப் பதிவெண் கிடைக்கும். பழைய கார்களிலிருந்து எடுத்த உதிரிகளால் கட்டப்பட்டு, அதன் வயதை உறுதிசெய்ய வழியில்லை என்றால், அந்த எண் ‘கியூ’ என்ற எழுத்தில் தொடங்கும்.